இயல் 6: ஈரக்குப்பை வாசலைத் தாண்ட வேண்டாம்

குப்பை பிரிக்கும் விதிகளுக்கு வீட்டைப் பழக்குவது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து நேற்று குடிவந்தவரானாலும், திருவள்ளூரிலோ பொன்னேரியிலோ தலைமுறைகளாக வாழ்பவரானாலும், குப்பை விஷயத்தில் சிக்கல் ஒன்றுதான். எதை எதில் போடுவது, எப்போது கொடுப்பது, குப்பை வண்டி போய்விட்டால் என்ன செய்வது? பகல் ஷிப்டுக்குப் போகிறவர் வண்டி வருவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார். இரவு ஷிப்ட் முடித்தவர் வண்டி வரும் நேரத்தில் அசந்து தூங்குகிறார். வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும் வீட்டில் குப்பைக்கு நேரம் குறிக்கவே முடிவதில்லை. அப்படித்தான் கட்டிவைத்த பை தெருமுனைக்கும், ஏரிக்கரைக்கும், ரயில் பாதையோரப் புதருக்கும் போய்ச் சேர்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. ஈரக்குப்பையை வீட்டிலேயே உரமாக்கிவிடுங்கள். நாறுவது ஈரம், புழு வைப்பது ஈரம், நாய் கிழிப்பதும் ஈரம் இருக்கும் பையைத்தான். அதை வீட்டிலேயே முடித்துவிட்டால் மீதமிருப்பது காய்ந்த குப்பை. அது ஒரு வாரமானாலும் மூலையில் சும்மா இருக்கும். வண்டி நேரம் உங்களைக் கட்டிப்போடாது. இந்த இயலில் வருவதெல்லாம் இதைச் செய்து முடிப்பதற்கான வழிமுறைகளே.

விதி என்ன சொல்கிறது?

2016 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள்தான், குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை ஒவ்வொரு வீட்டுக்கும் தெளிவாக வைத்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று அப்போது மூன்று பிரிவுகள் இருந்தன. 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய விதிகள் அதை நான்காக்கியிருக்கின்றன.

1. ஈரக்குப்பை: காய்கறித் தோல், சோறு, பழத்தோல், பூ, இலை, மீன் கழிவு.
2. உலர்குப்பை: காகிதம், அட்டை, பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம், மரம், ரப்பர்.
3. சானிட்டரி குப்பை: நாப்கின், டயப்பர் போன்றவை.
4. தனிக்கவனக் குப்பை: பெயின்ட் டப்பா, பல்பு, பேட்டரி, காலாவதியான மருந்து, பாதரச வெப்பமானி.

20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டடப் பரப்பு, நாளொன்றுக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு, நாளொன்றுக்கு 100 கிலோ குப்பை ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டும் குடியிருப்பும் நிறுவனமும் பெருங்கழிவு உற்பத்தியாளர் கணக்கில் வரும். அவர்கள் ஈரக்குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே கையாள வேண்டும். பெரிய தொழிலாளர் விடுதியோ கேன்டீனோ நடத்துபவர்கள் இந்த வரம்பை உடனே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

எரிப்பதற்குத் தனித் தடை உண்டு. திறந்தவெளியில் குப்பையை எரித்தால் ரூ.5,000, மொத்தமாகக் குவித்து எரித்தால் ரூ.25,000 என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் அல்மித்ரா பட்டேல் தொடுத்த திடக்கழிவு வழக்கில் உத்தரவிட்டது. வீட்டு வாசலில் சருகைக் கூட்டிக் கொளுத்துவதும் இதில் அடங்கும்.

தென் கொரியா உணவுக் கழிவை நேரடியாக மண்ணில் புதைப்பதை 2005-இல் தடை செய்தது. 2013 முதல் எடைக்கு ஏற்பக் கட்டணமும் வசூலிக்கிறது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரம் 2009-இல் உரக்குப்பையைப் பிரிப்பதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. அந்த ஊர்களில் பலரும் அடுக்குமாடியில் இருப்பதால் ஈரக்குப்பையை வண்டியில்தான் அனுப்பியாக வேண்டும். நமக்குப் பின்கட்டு இருக்கிறது, மொட்டைமாடி இருக்கிறது, எதுவுமில்லாவிட்டாலும் ஒரு வாளி வைக்க இடம் இருக்கிறது. இந்த வசதியை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஈரமும் காய்ந்ததும் சேர்ந்தால் என்ன ஆகும்?

மீதமான சாம்பார் பட்ட செய்தித்தாளைக் காயலான் கடைக்காரர் தொடமாட்டார். பால் கவருடன் கலந்த காய்கறித் தோலை உரக்கிடங்கில் கொட்ட முடியாது. தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மதிப்பு உண்டு. கலந்துவிட்டால் இரண்டுமே குப்பைமேட்டுக்குத்தான். அங்கே அடியில் காற்றில்லாமல் அழுகும் ஈரக்குப்பை மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது, கறுப்புக் கசிவுநீர் நிலத்தில் இறங்குகிறது. சென்னை பெருங்குடி குப்பைமேடு 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்து புகைந்தது.

நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. பூண்டி, சோழவரம், புழல், கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை என்று சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் இங்கேதான் உள்ளன. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் இந்த மண்ணின் வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. ஓடையில் வீசும் ஒரு பை, மழை வந்தால் பழவேற்காடு ஏரி வரை போகக்கூடும். அங்கே வலை இழுப்பவர் கையில் மீனோடு நம் வீட்டுப் பையும் ஏறும்.

சமையலறை ஏற்பாடு

பிரிப்பது குப்பைத் தொட்டி அருகில் நடக்கும் வேலை என்று நினைத்தால் அது நடக்காது. காய் நறுக்கும் இடத்திலேயே, கழுவுத்தொட்டி அருகிலேயே நடக்க வேண்டும்.

- நறுக்கும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு துளை வைத்த கூடை அல்லது பழைய வடிதட்டு. தோலும் காம்பும் நேரே அதில் விழட்டும். கீழே ஒரு கிண்ணம் வைத்தால் நீர் வடிந்துவிடும்.
- ஈரக்குப்பைக்குப் பிளாஸ்டிக் பை போடாதீர்கள். செய்தித்தாள் விரித்தால் போதும். அதுவும் மக்கும்.
- உலர்குப்பைக்கு ஒரு பெரிய சாக்கு அல்லது மூடியில்லாத கூடை. மூடி இருந்தால் ஈரமானதும் உள்ளே போய்விடும். திறந்திருந்தால் கண்ணில் படும், கை தயங்கும்.
- தனிக்கவனக் குப்பைக்குக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு அட்டைப்பெட்டி. மாதம் ஒருமுறைதான் அதற்கு வேலை.

நான்கு பேர் உள்ள வீட்டில் ஈரக்குப்பை நாளுக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள் இருக்கும். நீரை வடித்தாலே எடை கணிசமாகக் குறையும். குழம்பும் ரசமும் மிஞ்சினால் நீரைத் தனியாக வடித்துவிட்டுக் காய்த்துண்டுகளை மட்டும் எடுங்கள்.

மூன்று வாளி முறை

இருபது லிட்டர் கொள்ளளவுள்ள, மூடி போட்ட வாளி மூன்று தேவை. மாவு வாளி, தண்ணீர் டிரம், மண் தொட்டி எதுவும் ஆகும். பெயின்ட் வாளி வேண்டாம். அந்த உரம் கீரைக்கும் தக்காளிக்கும் போகப்போகிறது. பக்கவாட்டில் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகவும், அடியில் ஐந்தாறும், சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். துளைக்கு உள்பக்கம் பழைய கொசுவலைத் துணியை ஒட்டிவிட்டால் ஈ நுழையாது. இரண்டு செங்கல் மேல் வாளியை நிறுத்தி, அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

ஈரக்குப்பை தனியே மக்காது, அழுகும். அதற்குக் காய்ந்த பொருள் துணை வேண்டும். சருகில் கரிச்சத்து அதிகம், காய்கறித் தோலில் தழைச்சத்து அதிகம். நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்ய, தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு வரை தேவை. இதை எடைபோட்டுப் பார்க்கத் தேவையில்லை. ஒரு கிண்ணம் ஈரக்குப்பைக்கு ஒன்றரை அல்லது இரண்டு கிண்ணம் காய்ந்த பொருள் என்று கணக்கு வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

காய்ந்த பொருள் நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும்:

- வேம்பு, புங்கம், பூவரசச் சருகு
- பழவேற்காடு பக்கத்துச் சவுக்குத் தோப்பு உதிரல்
- செங்குன்றம் அரிசி ஆலைகளின் உமி. உமி மெதுவாகத்தான் மக்கும். ஆனால் காற்றோட்டம் தருவதில் கெட்டி. சருகோடு கால் பங்கு கலக்கலாம்.
- தென்னை நார்க்கழிவு
- கிழித்த அட்டை, பளபளப்பில்லாத செய்தித்தாள்

செய்முறை:

1. அடியில் இரண்டு அங்குலம் சருகு. மேலே ஒரு கைப்பிடி சாணம், அல்லது தோட்டத்து மண், அல்லது அரை டம்ளர் புளித்த மோர். தொடக்கத்துக்கு நுண்ணுயிர் இதில் வந்துவிடும்.
2. அன்றன்றைய ஈரக்குப்பையை நறுக்கிப் போடுங்கள். வாழைப்பழத் தோல், முட்டைக்கோஸ் தண்டு, மாம்பழத் தோல் எல்லாம் துண்டாக வெட்டினால் விரைவில் மக்கும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். தேயிலைத் தூளைப் பாலும் சர்க்கரையும் போக அலசிப் போடுங்கள்.
3. ஒவ்வொரு முறையும் மேலே காய்ந்த பொருளால் மூடுங்கள். ஈரக்குப்பை வெளியே தெரியவே கூடாது.
4. மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் அடியிலிருந்து மேலே கிளறிவிடுங்கள்.
5. வாளி நிறைந்தால் ஒதுக்கி வைத்து அடுத்ததைத் தொடங்குங்கள். ஒதுக்கிய வாளியை வாரம் ஒருமுறை கிளறினால் போதும். நிறைந்த நாளிலிருந்து 45 முதல் 60 நாளில் உரம் தயாராகும்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று கையால்தான் பார்க்க வேண்டும். ஒரு பிடி எடுத்து நன்றாகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் எட்டிப் பார்த்து, கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நின்றால் பதம் சரி. நீர் ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும். உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்தப் பிடியில் லேசான சூடும் தெரிந்தால் நுண்ணுயிர்கள் வேலையில் இருக்கின்றன என்று அர்த்தம்.

முடிந்த உரம் கருப்பும் பழுப்புமாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். போட்டது எதுவென்று அடையாளம் தெரியாது. சலித்தெடுத்து, ஒரு பங்கு உரத்துக்கு இரண்டு பங்கு மண் கலந்து தொட்டி நிரப்பலாம். வளரும் செடிக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு கைப்பிடி. கறிவேப்பிலையும் மல்லிகையும் இதற்கு நன்றாகத் தழைக்கும். சலிப்பில் நின்ற திப்பியை அடுத்த வாளியில் போட்டால் அதுவே தொடக்க நுண்ணுயிர்.

வாளிக்கு ஆகாதவை: மீன், இறைச்சிக் கழிவு, எலும்பு, எண்ணெய் மிதக்கும் கறி, நாய் பூனை கழிவு, தேங்காய் ஓடு. மீன் கழிவு இந்தப் பக்கத்து வீடுகளில் தவிர்க்க முடியாதது. தோட்டம் இருந்தால் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மேலே கல் வைக்கலாம். இடமில்லாதவர்கள் காகிதத்தில் சுற்றி, வண்டியில் ஈரக்குப்பையாகக் கொடுக்கலாம். வண்டி தவறும் நாள் என்று தெரிந்தால் குளிர்பெட்டியின் உறைபகுதியில் டப்பாவில் வைத்து மறுநாள் கொடுங்கள்.

கோளாறும் பரிகாரமும்

முதல் மாதத்தில் ஏதாவது ஒரு கோளாறு வரும். பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எளிய மாற்று இருக்கிறது.

- அழுகிய முட்டை நாற்றம்: உள்ளே காற்றில்லை, ஈரம் மிகுதி. சருகும் உமியும் சேர்த்துத் தினமும் கிளறுங்கள். மூன்று நாளில் நாற்றம் விலகும்.
- மூக்கைக் குத்தும் நெடி: தழைச்சத்து அதிகம். கிழித்த அட்டையும் சருகும் சேருங்கள்.
- தடித்த, வெளிர் நிறப் புழு: பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் புழு. மனிதருக்குக் கேடில்லை. குப்பையை வேகமாகத் தின்று தீர்க்கும். பார்க்கப் பிடிக்காதவர்கள் காய்ந்த பொருளைக் கூட்டினால் குறையும்.
- எறும்பு: உள்ளே காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள்.
- வெள்ளைப் பூசணம்: நல்ல அறிகுறி. ஒன்றும் செய்ய வேண்டாம்.
- வாரக்கணக்கில் எந்த மாற்றமும் இல்லை: துண்டுகள் பெரிதாக இருக்கும், அல்லது ஈரம் போதாது. வெட்டிப் போட்டு, மோர் கரைத்த தண்ணீர் தெளியுங்கள்.

காய்ந்த குப்பையில் காசும் இருக்கிறது

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் தொட்டு நம் தெருக்களில் மறுசுழற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள உருக்காலைகள் பழைய இரும்பை உருக்கித்தான் கம்பி செய்கின்றன. நீங்கள் காயலான் கடையில் போட்ட ஓட்டை வாளி, பக்கத்துத் தெருவில் எழும் வீட்டின் தூணுக்குள் கம்பியாக நிற்கக்கூடும்.

காயலான் கடைக்கு: செய்தித்தாள், அட்டைப்பெட்டி, இரும்பு, அலுமினியம், செம்பு, தண்ணீர் பாட்டில், ஷாம்பு டப்பா, உடையாத கண்ணாடி பாட்டில், கழுவிய பால் கவர்.

பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக்கிவிடாமல், கவரோடு ஒட்டியே இருக்கும்படி பாதி மட்டும் வெட்டுங்கள். துண்டான மூலை எங்கேயாவது விழும், யாரும் பொறுக்கமாட்டார்கள். பாதி வெட்டிய கவரைப் பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போட்டால் கடையில் எடுத்துக்கொள்வார்கள்.

வண்டிக்கு: சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே, கிழிந்த செருப்பு. பல அடுக்குள்ள உறைகளை மறுசுழற்சி செய்வது கடினம். இப்படிப்பட்டவற்றில் எரியக்கூடியவை சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பப்படுகின்றன. ஈரம் பட்டிருந்தால் அதற்கும் உதவாது.

தொடக்கத்திலேயே வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது. தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. இருசக்கர வண்டியில் ஒரு துணிப்பை, அலுவலகப் பையில் ஒன்று, மீன் வாங்க ஒரு தூக்கு. இவ்வளவு இருந்தாலே உலர்குப்பைச் சாக்கு பாதியாகும்.

நாப்கினும் டயப்பரும்

செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு குறி இட்டு, தனியே கொடுங்கள். "அக்கா, இது டயப்பர், தனியா சுத்தி வச்சிருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் குப்பை வாங்க வருபவர் அதைக் கையால் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்காது. ஊசி, உடைந்த கண்ணாடி, பிளேடு ஆகியவற்றைத் தடித்த டப்பாவில் போட்டு ஒட்டி, வெளியே எழுதிக் கொடுங்கள். தூய்மைப் பணியாளரின் கை கிழிவதைத் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது. கழிவறையில் நாப்கினைப் போட்டு அடைத்தால் அதை எடுப்பதற்கும் ஒரு மனிதர்தான் வர வேண்டியிருக்கும்.

கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வரக்கூடாதவை

தொழிற்பேட்டையை ஒட்டி வாழ்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். மற்ற ஊர் வழிகாட்டிகளில் இது இருக்காது.

ரசாயன டிரம்மும் கேனும்: நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்கள் மலிவாகக் கிடைக்கின்றன. தண்ணீர் பிடிக்கவும் உரம் போடவும் வாங்குகிறார்கள். அபாய ரசாயனம் இருந்த காலி டிரம்மே அபாயக் கழிவு என்றுதான் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் வகைப்படுத்துகின்றன. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. உள்ளே முன்பு என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரியாத டிரம்மை வாங்க வேண்டாம்.

எண்ணெய்த் துணி: இயந்திரம் துடைத்த பனியன் துணியை அடுப்பு மூட்டவோ வீடு துடைக்கவோ கொண்டுவராதீர்கள். அது கம்பெனியின் கழிவுத் தொட்டிக்கே போக வேண்டும். எண்ணெய்க் கறை படிந்த வேலை உடையையும் குழந்தைகளின் துணியோடு துவைக்க வேண்டாம்.

சாம்பல், தூசி, மரத்தூள்: அடுப்புச் சாம்பல் சிறிதளவு உரவாளிக்கு ஆகும். ஆலைச் சாம்பலும் உலைத் தூசியும் ஆகவே ஆகாது. பிளைவுட் அறுத்த தூளில் பசை இருக்கும், அதுவும் வேண்டாம்.

ஈய பேட்டரி: பழைய இன்வெர்ட்டர், வண்டி பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பவர்களிடம் கொடுக்காதீர்கள். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள், திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன. ஒரு கிலோ நகர உரத்தில் ஈயம் 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்பு. கசிந்த பேட்டரி பட்ட மண்ணை உரத்தில் கலந்தால் அந்தக் கீரையை நம் பிள்ளைகள்தான் சாப்பிடுவார்கள்.

ஒயர் எரிப்பது: செம்புக்காக ஒயரை எரித்தால் வரும் புகையில் டயாக்சின் போன்ற நச்சுகள் உண்டு. தோலுரித்துத்தான் செம்பெடுக்க வேண்டும். எரிப்பவர்களைப் பார்த்தால் சும்மா இருக்க வேண்டாம்.

தொழிற்சாலை அபாயக் கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்கும் பொதுக் கிடங்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே இருக்கிறது. கம்பெனிக் கழிவுக்கென்று வழி இருக்கும்போது அது வீட்டுக்குள் வர எந்தக் காரணமும் இல்லை.

லைன் வீடுகளுக்கும் வாடகை அறைகளுக்கும்

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் வரிசை அறைகளில் சேர்ந்து தங்கியிருக்கிறார்கள். ஒரு அறையில் நால்வர் ஐவர், ஆளுக்கொரு ஷிப்ட். தனித்தனி வாளி இங்கே ஒத்துவராது. வீட்டு உரிமையாளர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறை, மூன்றடி விட்டத்தில், நான்கு வாங்குங்கள். இரண்டிரண்டாக அடுக்கினால் இரண்டு உரத்தொட்டி. மண் தரையிலேயே நிறுத்துங்கள், நீர் தானாக வடியும். அடுக்கும்போது இடையில் செங்கல் துண்டு வைத்தால் காற்று புகும். மேலே தகர மூடி. பக்கத்தில் ஒரு மூட்டை சருகு, ஒரு மண்வெட்டி. போடுகிறவரே மேலே சருகு தூவ வேண்டும் என்பதே ஒரே விதி. ஒரு தொட்டி நிறைந்தால் மூடிவிட்டு மற்றதுக்கு மாறுங்கள். வாரம் ஒருமுறை கிளறுவதற்கு ஒருவருக்குக் கூலி கொடுப்பது நல்லது. எல்லோர் வேலை என்று விட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

பலகையில் படம் வரைந்து வையுங்கள். அவரவர் மொழியில் ஒரு சொல் சொன்னால் சட்டென்று புரியும். இந்தியில் ஈரக்குப்பை 'கீலா கச்ரா', உலர்குப்பை 'சூக்கா கச்ரா'. ஆரம்பாக்கம் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களுக்கு 'தடி செத்த', 'பொடி செத்த'. குடிவரும் நாளிலேயே, சாவி கொடுக்கும்போதே தொட்டியைக் காட்டிவிடுங்கள். "தம்பி, சோறு, தோல் எல்லாம் இதுல. கவர், பாட்டில் அந்தச் சாக்குல" என்று ஒருமுறை நேரில் காட்டுவது பத்து அறிவிப்புக்குச் சமம்.

மாதத்துக்கு ஏற்ற வேலை

மாசி, பங்குனி: வேம்பும் புங்கமும் இலை உதிர்க்கும் காலம். ஆண்டு முழுவதற்கும் தேவையான சருகைச் சாக்கில் கட்டி வைக்க வேண்டிய நேரம் இதுதான். கூட்டிக் கொளுத்தினால் உங்கள் உரத்தின் பாதியைக் கொளுத்துகிறீர்கள்.

சித்திரை முதல் ஆனி வரை: வாளி சீக்கிரம் காயும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தெளியுங்கள். மாம்பழத் தோலை வெட்டிப் போடலாம். கொட்டையை மட்டும் ஒதுக்குங்கள்.

புரட்டாசி: அடைமழைக்கு முன் வாளிகளைக் கூரையடிக்கு மாற்றுங்கள். சருகு மூட்டை நனையாத இடத்தில் இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை: காய்ந்த பொருளை வழக்கத்தைவிடக் கூட்டுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் வெள்ளம் சூழ்ந்ததை மறக்கவில்லை. வெள்ள எச்சரிக்கை வந்தால் உலர்குப்பைச் சாக்கையும் தனிக்கவனப் பெட்டியையும் முதலில் உயரத்தில் ஏற்றுங்கள்.

போகி: பழைய பாய், சாக்கு, டயர், பிளாஸ்டிக் எதையும் எரிக்காதீர்கள். முந்தின வாரமே தரம் பிரித்து, ஆகும் துணியைக் கொடுத்துவிட்டு, மீதியை வண்டிக்குத் தாருங்கள்.

யாரிடம் போவது?

குப்பை வண்டி வராவிட்டாலோ, பிரித்துக் கொடுத்ததை ஒன்றாகக் கொட்டினாலோ முதலில் உங்கள் உள்ளாட்சி எதுவென்று பாருங்கள். ஆவடி மாநகராட்சி. திருவள்ளூர், திருத்தணி, பொன்னேரி, பூந்தமல்லி, திருவேற்காடு ஆகியவை நகராட்சிகள். கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், ஊத்துக்கோட்டை, ஆரணி பேரூராட்சிகள். புதுகும்மிடிப்பூண்டி, சிறுபுழல்பேட்டை போன்ற சிப்காட்டை ஒட்டிய ஊர்கள் கிராம ஊராட்சிகள். அங்கே வீடு வீடாக வருபவர்கள் தூய்மைக் காவலர்கள். ஊராட்சியில் செயலரிடமும், பேரூராட்சியில் செயல் அலுவலரிடமும், நகராட்சியில் சுகாதார அலுவலரிடமும் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றதற்கு அத்தாட்சி வாங்குங்கள். தெருவில் பத்து வீடு சேர்ந்து கையெழுத்திட்ட மனுவுக்குத் தனி மதிப்பு உண்டு.

ஓடையில் ரசாயனம் கலந்தாலோ, ஆலைக் கழிவை இரவில் கொட்டினாலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் செய்யுங்கள். தேதி, நேரம், இடம், புகைப்படம் நான்கும் இருக்க வேண்டும்.

1989-இல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் தெருவாசிகள் தாங்களே கூடியதால்தான் பரவியது. உங்கள் தெருவிலும் நான்கு வீடு தொடங்கினால் போதும்.

முதல் மாதத் திட்டம்

முதல் வாரம்: ஈரத்தையும் உலர்ந்ததையும் மட்டும் பிரியுங்கள். வேறெதுவும் வேண்டாம். இரண்டையும் வண்டிக்கே கொடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் கை பழகட்டும்.

இரண்டாம் வாரம்: சருகு ஒரு மூட்டை சேருங்கள். வாளிக்குத் துளை போட்டுத் தயார் செய்யுங்கள்.

மூன்றாம் வாரம்: முதல் வாளியைத் தொடங்குங்கள். காய்கறித் தோலும் பழத்தோலும் மட்டும். சமைத்த உணவு பிறகு.

நான்காம் வாரம்: காயலான் கடைக்கு முதல் சாக்கைக் கொண்டுபோங்கள். தனிக்கவனப் பெட்டிக்கும், நாப்கின் கட்டுக்கும் இடம் ஒதுக்குங்கள். வந்த காசைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். அடுத்த மாதம் சாக்கைக் கண்காணிக்கும் வேலையை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் மாதத்தில் சமைத்த உணவையும் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மூன்றாம் மாதத்தில் முதல் உரம் கைக்கு வந்திருக்கும். அதற்குள் வண்டியைப் பிடிக்க ஓடும் நிலை மாறி, வாரத்தில் எந்த ஒரு நாள் உங்களுக்கு ஓய்வோ அந்த நாளில் உலர்குப்பையைக் கொடுத்தால் போதும் என்றாகியிருக்கும். இடையில் ஒரு வாரம் தவறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். வாளி காத்திருக்கும்.